பிறவாதவர்க்குப் பட்ட கடன்

கோயம்புத்தூரிலிருந்து ஆனைகட்டி வழியாக அட்டப்பாடிக்குச் செல்லும் பாதையில், மாநில எல்லையைக் கடந்தது பயணிகள் பலருக்குத் தெரிவதே இல்லை. பெயர்ப்பலகைகளின் எழுத்து மாறுகிறது, பேச்சு மாறுவதில்லை. தமிழும் மலையாளமும் இருளர்களின் மொழியும் ஒரே இருக்கையில் நெருங்கி அமர்ந்து பயணம் செய்கின்றன. வயநாட்டில் மலை சரிந்த 2024-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அந்தப் பாதையில் அகளிக்குச் சென்றேன். பருவநிலை மாற்றத்தைப் பற்றிக் கவலை கொண்ட கல்லூரி மாணவ மாணவியர் சிலர் அங்கே இரண்டு நாட்கள் கூடினார்கள். பாலக்காட்டிலிருந்தும் இடுக்கி மலைகளிலிருந்தும் கோவை, ஈரோடு பக்கங்களிலிருந்தும் வந்திருந்தார்கள். அட்டப்பாடி ஊர்களிலிருந்தும் சிலர் வந்திருந்தனர். உரையாற்ற என்னை அழைக்கவில்லை. மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் பேசப்படுவதைத் தமிழில் சொல்ல ஒருவர் வேண்டும் என்றுதான் அழைத்திருந்தார்கள். மொழிபெயர்ப்பு என் அன்றாடப் பணி. ஆகவே மறுக்கவில்லை.

முதல் மணி நேரத்திலேயே ஒரு சொல் என்னைத் தடுமாற வைத்தது. ‘ஆக்டிவிஸ்ட்’ என்ற சொல். நாளிதழ்கள் அதைச் செயற்பாட்டாளர் என்கின்றன. சில இடங்களில் போராளி என்கின்றன. முதற்சொல்லில் உயிரில்லை, இரண்டாவதில் சினம் மிகுதி. கர்மத்தில் ஈடுபடுபவன் என்ற பொருளில், சம்ஸ்கிருதப் பழக்கத்தால், ‘கர்மி’ என்று சொல்லிவிட்டேன். பின்வரிசையில் இருந்தவர்களின் காதில் அது ‘கருமி’ என்று விழுந்தது. சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. பண்டங்களைக் குறைவாகப் பயன்படுத்தக் கூடிய கூட்டத்துக்கு அந்தப் பட்டம் அவ்வளவு பொருந்தாததும் அன்று என்று சொல்லிச் சமாளித்தேன்.

அன்று மாலைதான் இக்கட்டுரைக்குக் காரணமான கேள்வி எழுந்தது. மூணாறுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் குடும்பத்தில் பிறந்த ஒரு மாணவி எழுந்தாள். 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள் மண்ணுக்குள் போயின. எழுபது பேர் இறந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். அம்மாணவியின் உறவினர் வீடும் அவற்றுள் ஒன்று. அவள் அழவில்லை, குரலும் உயரவில்லை. “சுவாமிஜி, தவறாக நினைக்காதீர்கள். எங்களுக்குப் பிள்ளைகள் பிறப்பார்கள், அவர்கள் எந்த உலகத்தில் இருப்பார்கள் என்று நாங்கள் பயப்படுகிறோம். உங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. மறுபடியும் பிறக்கவே கூடாது என்பதுதான் உங்கள் லட்சியம். இந்தப் பூமி ஐம்பது ஆண்டுகள் கழித்து எப்படிப் போனால் உங்களுக்கு என்ன?” என்று கேட்டாள்.

என்னிடம் அப்போது விடை இல்லை. “காலையில் பேசுவோம் அம்மா” என்று சொல்லி அமர்ந்தேன். மொழிபெயர்ப்பாளன் என்ற திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன் என்பதே உண்மை.

அக்கேள்வியில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிறவாதவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோமா என்பது ஒன்று. அது எல்லோருக்கும் உரியது. கடமை உண்டு என்றாலும் அது துறவியைக் கட்டுமா என்பது மற்றொன்று. அது என்னைக் குறிவைத்தது. இரண்டையும் பிரித்துக்கொள்ளாவிட்டால், முதலாவதற்குச் சொல்லும் அழகான விடையைக் காட்டி இரண்டாவதிலிருந்து தப்பிவிடலாம். எங்களைப் போன்றவர்கள் அப்படித் தப்புவது புதிதன்று.

முதற்கேள்வி தோற்றத்துக்கு எளியது. உள்ளே முள் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் பணியாற்றிய டெரிக் பார்ஃபிட் என்ற தத்துவ அறிஞர், 1984-இல் வெளியான தம் நூலில் அம்முள்ளை வெளியே எடுத்துக் காட்டினார். அவருடைய வாதத்தை அட்டப்பாடியை வைத்தே சொல்லிப் பார்க்கிறேன். அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழைக்குக் குறுக்கே அணை கட்டப்பட்டிருந்தால் என்னவாகியிருக்கும்? பொறியாளர்களும் தொழிலாளர்களும் ஆயிரக்கணக்கில் வந்திருப்பார்கள். சாலைகளும் சந்தைகளும் தோன்றியிருக்கும். யார் யாரைச் சந்தித்தார்கள், யார் யாரை எப்போது மணந்தார்கள் என்பதெல்லாம் மாறியிருக்கும். சில தலைமுறைகளில், மண்ணார்க்காட்டிலும் அகளியிலும் பிறந்திருப்பவர்கள் வேறு மனிதர்களாக இருந்திருப்பார்கள். காடு அழிந்த அந்த உலகில் பிறந்த ஒருவன் முன்னோரைப் பார்த்து, “எனக்குத் தீங்கு செய்தீர்களே” என்று சொல்ல முடியுமா? காடு காக்கப்பட்டிருந்தால் அவன் பிறந்தே இருக்கமாட்டான். குறை சொல்ல ஆளே இல்லாத இடத்தில் குற்றம் எங்கிருந்து வரும்? பிறரைத் துன்புறுத்தாதே என்ற விதி மட்டுமே அறநெறி என்று கொண்டால், இந்த முடிச்சு அவிழ்வது கடினம். மாணவனாக இருந்தபோது இதில் நான் பல மாதங்கள் சிக்கிக் கிடந்திருக்கிறேன்.

நம் மரபு கடமையை வேறோர் இடத்தில் வைத்தது. மனிதன் பிறக்கும்போதே கடனாளியாகப் பிறக்கிறான் என்று வேதம் கருதுகிறது. ரிஷிகளுக்கும் தேவர்களுக்கும் பித்ருக்களுக்கும் அவன் கடன்பட்டிருக்கிறான். ஓதுவதால் முதற்கடனும், வேள்வியால் இரண்டாவதும், மக்கட்பேற்றால் மூன்றாவதும் தீரும். வள்ளுவரும் இல்வாழ்வான் பேணவேண்டியவர்களைக் கூறும்போது மறைந்த முன்னோரையே முதலில் வைக்கிறார். இந்தக் கடன் பாயும் திசையைக் கவனிக்க வேண்டும். மேலிருந்து பெறுகிறோம், கீழே கொடுக்கிறோம். ஆசிரியரிடம் கற்ற கல்வியை அவரிடமே திருப்பிக் கொடுக்க முடியாது. மாணவனுக்குக் கொடுத்தால் அக்கடன் தீர்கிறது. வாங்கியவரும் கொடுக்கப்படுபவரும் வேறு வேறு. ஆகவே எதிர்காலத்தில் பிறப்பவர் யார், அவர் பெயர் என்ன, நம்மீது குறை சொல்ல அவருக்கு உரிமை உண்டா என்ற கேள்விகளே எழுவதில்லை. கடன் அவரிடம் வாங்கியதன்று. ஏற்கெனவே பெற்றுவிட்டோம், உண்டும் விட்டோம். பெற்றதைத் திருப்பாமல் உண்பவனைக் கள்வன் என்ற கடுஞ்சொல்லால் கீதை குறிப்பிடுவதும் இந்தக் கணக்கின்படியே. பார்ஃபிட்டின் முடிச்சு, கடனை எதிர்காலத்தில் தேடுவதால் விழுந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. கடன் பின்னால் இருக்கிறது. அதைச் செலுத்தும் இடம்தான் முன்னால் இருக்கிறது.

அகளியில் உட்கார்ந்து யோசிப்பவனுக்கு இது வெறும் சாஸ்திரம் அன்று. அட்டப்பாடியின் மேற்கு விளிம்பில் முக்காலி இருக்கிறது. அமைதிப் பள்ளத்தாக்கின் நுழைவாயில் அதுதான். நீலகிரியில் பிறந்த பவானி அந்தப் பக்கமாகக் கேரளத்துக்குள் வந்து, அட்டப்பாடியை நனைத்துவிட்டு, கிழக்கே திரும்பித் தமிழகத்துக்கே வந்துவிடுகிறது. கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் மூன்று ஆறுகளுள் அது ஒன்று. கோவை மக்கள் குடிக்கும் சிறுவாணி நீரின் அணையும் பாலக்காடு மாவட்டத்து மலைக்குள்தான் உள்ளது. ஈரோட்டில் வயலுக்கு நீர் பாய்ச்சுகிறவரும் கோவையில் குழாயைத் திறக்கிறவரும் இந்த மலைகளுக்குக் கடன்பட்டவர்களே. 1973-இல் திட்டக்குழு ஒப்புதல் அளித்த அணைத் திட்டத்தை எதிர்த்தவர்களில் அதிகாரமோ செல்வமோ உடையவர்கள் மிகச் சிலர். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தைச் சேர்ந்த பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள். பையனூர்க் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர் ஜான் சி. ஜேக்கப் போன்று இளைஞர்களைக் காட்டுக்குள் அழைத்துச் சென்று முகாம் நடத்தியவர்கள். சுகதகுமாரியைப் போன்ற கவிஞர்கள். சிங்கவால் குரங்குக்காக மின்சாரத்தை இழப்பதா என்று கேலி செய்தவர்கள் ஏராளம். 1983-இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1985 செப்டம்பர் 7-ஆம் நாள் பிரதமர் ராஜீவ் காந்தி அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

அகளி முகாமுக்கு வந்திருந்த மாணவர்களில் ஒருவர்கூட அன்று பிறந்திருக்கவில்லை. அன்று கோஷமிட்டவர்களும் கவிதை வாசித்தவர்களும் இவர்கள் முகத்தைக் கனவிலும் கண்டதில்லை. 1979-இன் பிறவாதவர்கள் இவர்கள்தாம். மறுநாள் காலையில் இதைச் சொன்னபோது கூட்டம் சற்று அமைதியாயிற்று. அந்த மாணவி மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இது எல்லோருக்குமான விடை, தனக்கு உரியது இன்னும் வரவில்லை என்று அவள் எண்ணியது எனக்குத் தெரிந்தது.

அவளுக்குரிய விடையை அடைவதற்குள் மற்றோர் இடையூறு நேர்ந்தது. இருளர் ஊர் ஒன்றிலிருந்து வந்திருந்த இளைஞன் கையை உயர்த்தினான். “சாமி, கடன் என்கிறீர்கள். வாங்கியவன் திருப்பித் தரட்டும். நாங்கள் எதை வாங்கினோம்? எங்கள் பாட்டன் காலத்தில் இந்த மலை முழுக்கக் காடு. வெட்டியது யார், விற்றது யார் என்று எல்லோருக்கும் தெரியும். இப்போது எங்களிடம் வந்து விறகு எடுக்காதே, காட்டைக் காப்பாற்று என்கிறார்கள்” என்றான்.

இதற்கு நான் விடை சொல்லத் துணியவில்லை. ஆமோதிக்க மட்டுமே முடிந்தது. 1951-இல் அட்டப்பாடியின் மக்கள் தொகையில் பத்தில் ஒன்பது பங்கு பழங்குடிகள். 2011 கணக்கெடுப்பில் அது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. நிலம் கைமாறியது, ராகியும் சாமையும் விளைந்த புனங்கள் சுருங்கின. 2013-இல் இங்கே பழங்குடிப் பச்சிளங்குழந்தைகள் பலர் ஊட்டக்குறைவால் இறந்ததை நாடு முழுவதும் பேசிற்று. உலக அளவிலும் கணக்கு இப்படித்தான் இருக்கிறது. ஓர் இந்தியர் ஆண்டுக்குச் சராசரியாக 2 டன் அளவில் கரியமில வாயுவை வெளியிடுகிறார். ஓர் அமெரிக்கர் 14 டன் அளவில். அந்தச் சராசரி இந்தியருக்குள்ளும் விமானத்தில் பறப்பவர் ஒருவர், மண்ணெண்ணெய் விளக்கு ஏற்றுபவர் ஒருவர். கடமை அனைவருக்கும் பொது, ஆனால் அளவு வேறு என்று 1992-இல் ரியோ மாநாட்டில் நாடுகள் ஒப்புக்கொண்டது இதனால்தான். ஒப்புக்கொண்டதோடு பெரும்பாலும் நின்றுவிட்டது என்பது வேறு கதை.

கடன் என்ற சொல்லைத் துறவிகளான நாங்கள் பேசும்போது ஓர் அபாயம் உண்டு. ‘நாம் எல்லோரும் கடனாளிகள்’ என்று பொதுப்படச் சொல்லி, பெருங்கடனாளியையும் ஒன்றுமே வாங்காதவனையும் ஒரே வரிசையில் உட்கார வைத்துவிடுகிறோம். கேட்பதற்கு அது சமரசம் போல இனிமையாக இருக்கும். உண்மையில் அது எளியவனுக்கு இழைக்கும் அநீதி. அவ்விளைஞனின் சொல்லை முகாமில் ஆங்கிலத்தில் பெயர்த்தபோது, என் குரலில் வந்தது அவனுடைய சினத்தின் நிழல்தான். முழுச் சினமும் வரவில்லை. மொழிபெயர்ப்பில் முதலில் உதிர்வது சினமே.

அட்டப்பாடி இக்கடனைத் திருப்பிச் செலுத்தும் முயற்சிகளையும் கண்டிருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. 1980-களில் சுகதகுமாரியும் நண்பர்களும் அகளி அருகே மொட்டையாகிக் கிடந்த ஒரு குன்றை எடுத்துக்கொண்டு, ஆடுமாடுகளும் தீயும் அண்டாமல் காத்து, மரம் நட்டு வளர்த்தார்கள். உள்ளூர்ப் பழங்குடி மக்களின் உழைப்பால் அது கிருஷ்ணவனம் ஆயிற்று. பிறகு 1990-களின் பிற்பகுதியில் ஜப்பானியக் கடனுதவியோடு மாநில அரசு பெரிய அளவில் நிலமீட்புப் பணியைத் தொடங்கியது. ஊர்தோறும் மக்கள் குழுக்கள் அமைந்தன, தடுப்பணைகள் எழுந்தன, வறண்டு கிடந்த கொடுங்கரைப்பள்ளத்தில் மீண்டும் நீர் ஓடிற்று. மலைக்குப் பட்ட கடனைத் தீர்க்க வேறு நாட்டில் கடன் வாங்க வேண்டியிருந்தது! அந்தப் பணியின் எல்லாக் கூறுகளையும் பாராட்டுவதற்கில்லை. ஆனாலும் ஓடும் நீர் ஓடும் நீர்தான். சுகதகுமாரி 2020 டிசம்பர் 23 அன்று கொரோனாத் தொற்றால் மறைந்தார். குன்று பசுமையாக இருக்கிறது.

இனி என் பங்குக்கு வருகிறேன். சன்னியாசம் ஏற்பவன் விரஜா ஹோமத்துக்கு முன்னர் தன் முன்னோர்க்குச் சிராத்தம் செய்கிறான். தனக்கும் தானே பிண்டம் இட்டுக்கொள்கிறான். மூன்று கடன்களும் அத்துடன் அவனை விட்டு நீங்குகின்றன என்பது விதி. அந்த மாணவிக்கு இவ்விதி தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் அவள் கேட்டது இதையேதான். கடன் தீர்ந்தவனுக்குப் பிறவாதவரைப் பற்றிய கவலை எதற்கு? விதியின் எழுத்தைப் பிடித்துக்கொண்டால் அவள் சொல்வது சரி. பூமி எப்படிப் போனாலும் எனக்கு ஒன்றுமில்லை.

ஆனால் அதே சடங்கில் மற்றொன்றும் நிகழ்கிறது. பழைய கடன்களைக் கழிக்கும் துறவி ஒரு புதிய வாக்கைக் கொடுக்கிறான்: எல்லா உயிர்களுக்கும் என்னிடமிருந்து அச்சம் இல்லாதிருக்கட்டும் என்ற அபயதானம். பித்ரு கடன் ஒரு குலத்தோடு முடிவது. இவ்வாக்குக்குக் குலம் இல்லை. இல்லறத்தான் தன் பிள்ளைகளுக்குக் கடமைப்பட்டவன் என்றால், துறவி எவர் பிள்ளையையும் அச்சுறுத்த மாட்டேன் என்று அக்கினி சாட்சியாகச் சொன்னவன். சுமை குறைந்ததா, கூடியதா? பல ஆண்டுகளுக்கு முன் இவ்வாக்கைச் சொன்னபோது, பாம்பையும் தேளையும் பற்றி எண்ணியது நினைவிருக்கிறது. பெட்டிமுடியைப் பற்றி எண்ணவில்லை.

இலக்கணம் அறிந்தவர் இங்கே ஒரு தடை எழுப்பலாம். வாக்கில் வருவது ‘பூதம்’ என்ற சொல். அதற்கு, உண்டாகிவிட்டது என்று பொருள். இனி உண்டாகப்போவது பூதம் ஆகாது. எனவே பிறவாதவர் இவ்வாக்கின் வரம்புக்குள் வரமாட்டார்கள். மொழிபெயர்ப்பாளனுக்கு இத்தகைய தடைகள் இனிப்பானவை; முகாமின் முதல் இரவில் இதில் நெடுநேரம் கழித்தேன். பிறகு எங்கள் ஊரில் கைப்பிடிச்சுவர் இல்லாமல் விடப்பட்ட ஒரு பாழுங்கிணறு நினைவுக்கு வந்தது. அதைத் தோண்டியவர் இறந்து நெடுங்காலம் ஆன பிறகு ஒரு சிறுவன் அதில் விழுந்தான். தோண்டியபோது அவன் பூதம் அல்லன். விழுந்தபோது பூதமே. அச்சம் முன்பே வெட்டப்பட்டு அவனுக்காகக் காத்திருந்தது. நாம் இன்று வெளியிடும் கரியமில வாயுவின் கணிசமான பகுதி நூற்றாண்டுகள் வானில் தங்குகிறது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்தது, 2024-இல் 420-ஐத் தாண்டிவிட்டது. பிறக்கும் ஒவ்வொரு உயிரும், பூதம் என்ற பெயரைப் பெறும் அந்த நொடியிலேயே, நான் வெட்டி வைத்த கிணற்றின் விளிம்பில் நிற்கிறது. இலக்கணத் தடை அதோடு நீங்கிற்று.

நம் முன்னோர் இக்கணக்கை அறியாதவர்களும் அல்லர். மழைக்காலத்தில் துறவி ஊர் ஊராகச் செல்லாமல் ஓரிடத்தில் தங்கவேண்டும் என்ற சாதுர்மாஸ்ய விதி எதற்கு? ஈரமண்ணில் தோன்றும் சிற்றுயிர்கள் காலில் மிதிபடாதிருக்க. நடப்பதால் விளையும் தீங்கையே கணக்கிட்டவர்கள் அவர்கள். தட்சிணேசுவரத்தில் ஒருவர் புல்தரையின் குறுக்கே நடந்தபோது, தம் மார்பை மிதித்தது போல் வேதனையுற்றார் பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் என்பதை அன்பர்கள் அறிவார்கள். நானோ மழை பெய்யும் மாதத்தில், பேருந்திலும் ஜீப்பிலும் ஏறி, உயிர்களைக் காப்பது பற்றி மொழிபெயர்க்கச் சென்றேன்.

இங்கே வழக்கமான ஆறுதல் ஒன்று தயாராக நிற்கிறது: நான் ஒருவன் ஜீப்பில் ஏறாவிட்டால் என்ன ஆகிவிடும்? கோயில் குளத்தைப் பாலால் நிரப்ப, வீட்டுக்கு ஒரு குடம் பால் ஊற்றச் சொன்ன அரசனின் கதையை அறியாதவர் இல்லை. இருட்டில் ஒவ்வொருவரும் தண்ணீரை ஊற்றினார்கள். விடிந்தபோது குளத்தில் தண்ணீரே இருந்தது. இக்கதையைச் சொல்லி நாம் அந்த மக்களைப் பேராசைக்காரர்கள் என்று இகழ்கிறோம். சற்று நின்று பார்த்தால், அவர்கள் ஒவ்வொருவரின் கணக்கும் சரியானது. குளம் நிறையப் பால் இருக்கும்போது ஒரு குடம் நீர் தெரியாது. குளம் நிறைய நீர் இருக்கும்போது ஒரு குடம் பாலும் தெரியாது. இரண்டு நிலையிலும் தன் பாலை வீணாக்காதவன் அறிவாளி. பயனை எண்ணிச் செயல்படும் அறநெறி இந்த இடத்தில் கைவிரித்துவிடுகிறது.

பயன் கருதாமல் உன் குடத்துப் பாலை ஊற்று என்பது கர்மயோகத்தின் விடை. அதை நான் முழுமையாக நம்புகிறேன். ஆயினும் அகளியில் அதன் குறை ஒன்றைக் கண்டேன். பயன் கருதாதவன் மெல்ல மெல்லக் குளத்தையே மறந்துவிடக்கூடும். என் குடம் பால், என் மனம் தூய்மை, குளம் எப்படியோ போகட்டும் என்ற நிலைக்கு அவன் வந்துவிடுகிறான். துணிப்பை எடுத்துச் செல்லும் சாதுக்களிடம் இந்த நிறைவு முகத்தில் தெரியும். என் முகத்திலும் தெரிந்திருக்கும். அது பற்றின்மை அன்று, ஒருவகைப் பற்று. கதையில் கெட்டது யாருடைய மனமும் அன்று என்று இப்போது எண்ணுகிறேன், கெட்டது இருட்டு. அண்டை வீட்டான் என்ன ஊற்றுகிறான் என்று எவருக்கும் தெரியவில்லை. பட்டப்பகலில், ஒருவர் முன் ஒருவர் ஊற்றியிருந்தால்? பலர் வெட்கத்தால் பால் கொண்டுவந்திருப்பார்கள், சிலர் உற்சாகத்தால். பால் வாங்க வழியற்ற வீட்டுக்குப் பக்கத்து வீட்டார் கொடுத்திருப்பார்கள். பெரிய தொழுவம் உள்ளவன் ஒரு குடத்தோடு நழுவியிருக்க முடியாது. இளைஞர்கள் கூடுவது ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். கூட்டம் அவர்களுக்கு வெளிச்சம். இரண்டு நாட்களில் அவர்கள் ஒரு டன் கரியையும் குறைத்துவிடவில்லை. ஒருவர் குடத்துக்குள் ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். அவ்வளவே.

பார்த்ததில் பூசல்களும் எழுந்தன. எவர்சில்வர் தம்ளர்களும் ராகிக் களியும் ஏற்பாடு செய்தவர்கள், வாசலில் பெரியதொரு பிளெக்ஸ் பேனரைக் கட்டியிருந்தார்கள். அதன்மேல் அரைமணி நேரம் வாதம் நடந்தது. கழற்றிக் கூரைக்குப் பயன்படுத்துவது என்று முடிவாயிற்று.

சினத்தைப் பற்றியும் ஒரு சொல். இளைஞர்கள் கோபமாக இருக்கிறார்கள் என்று பெரியவர்கள் குறைப்படுகிறார்கள். சினத்திலிருந்து மயக்கமும், மயக்கத்திலிருந்து நினைவழிவும், அதிலிருந்து புத்தி நாசமும் வரும் என்ற கீதையின் எச்சரிக்கை நம் நாவில் எப்போதும் தயாராக இருக்கிறது. ஆனால் கீதை அங்கே பேசுவது, ஆசை தடைபட்டதால் பிறக்கும் சினத்தை. பிறர் துயர் கண்டு எழுவது அதே வகைதானா? தேஜசையும் வலிமையையும் வேண்டும் வேத முனிவன் அதே மூச்சில் மன்யுவையும், அதாவது சீற்றத்தையும், இறைவனிடம் வேண்டுகிறான். பாரதியார் தம் புதிய ஆத்திசூடியில் சினத்துக்கும் ஓர் இடம் தந்தார். 2018 ஆகஸ்டில், பதினைந்து வயதில், சுவீடன் நாடாளுமன்றத்தின் முன் தனியாக உட்கார்ந்த கிரேட்டா துன்பர்க்கின் சினம் உலகறிந்தது. அதற்கு முந்தைய ஆண்டே, ஒன்பது வயதான ஹரித்வார்ச் சிறுமி ரிதிமா பாண்டே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடுத்திருந்தாள். தமிழ் வாசகர்கள் திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கரையும் அறிவார்கள். துணி தேய்ப்பவர் எரிந்த கரியைக் கொட்டுவதைப் பார்த்து, சூரிய ஆற்றலால் இயங்கும் தேய்ப்பு வண்டியை வடிவமைத்த சிறுமி. 2021 நவம்பர் 2-ஆம் நாள் கிளாஸ்கோ மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன் பேசியபோது, தன் தலைமுறையினர் பலர் சினத்தோடும் ஏமாற்றத்தோடும் இருப்பதை மறைக்கவில்லை. அந்தச் சினத்துக்குக் காரணம் உண்டு என்றும் ஒப்புக்கொண்டாள். ஆனால் தனக்குச் சினம் கொள்ள நேரமில்லை, செயல்பட வேண்டும் என்ற கருத்தைச் சொன்னாள். சினம் கூடாது என்று அவள் உபதேசிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது வேலையாக மாறிவிட்டதால் மிச்சமில்லை என்கிறாள். கர்மயோகி என்ற சொல்லுக்கு நான் பார்த்த உரைகளில் இது மோசமானதன்று. ‘ஆக்டிவிஸ்ட்’ என்பதற்கு நான் தேடிய தமிழும் இதன் அருகில் எங்கோ இருக்கக்கூடும்.

இரண்டாம் நாள் நண்பகலில், உணவுக்கு முன், அபயதானத்தைப் பற்றி அந்த மாணவியிடம் சொன்னேன். சடங்கையும், வாக்கையும், பாழுங்கிணற்றையும் சொன்னேன். ஜீப்பில் வந்ததையும் மறைக்கவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு, “அப்படியானால் நீங்கள் வாக்குத் தவறிக்கொண்டே இருக்கிறீர்கள், இல்லையா சுவாமிஜி?” என்றாள். ஆம் என்றேன். “நல்லது. இதுவரை யாரும் ஆம் என்று சொன்னதில்லை” என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போனாள். அந்த இருள இளைஞன் அவளுக்குப் பின்னால் நின்றான். சாமைச் சோற்றை அவனே பரிமாற்றுகிறவரிடமிருந்து வாங்கி, எங்கள் ஊரில் விளைந்தது என்று எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தான்.

ஆசிரமத்துக்குத் திரும்பியபின், ஆண்டு விழாவுக்கு எத்தனை வாகனங்கள் வருகின்றன, ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, எத்தனை ஆயிரம் காகிதக் குவளைகள் எரிக்கப்படுகின்றன என்று ஒரு தாளில் எழுதி மூத்த சுவாமிகளிடம் கொடுத்தேன். இருமுறை படித்தார். அன்பர்கள் மனம் நோகக்கூடாதே என்றார். எந்த அன்பர்கள், இப்போது வருபவர்களா, இனி வரப்போகிறவர்களா என்று கேட்டேன். சிரித்தார். அடுத்த கூட்டத்தில் வைப்போம் என்று தாளை மடித்துத் தம் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். கூட்டம் தை மாதத்தில்.